ஷிப்ட் பலகையும் ஹியர்சே-2-உம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பலகை உண்டு. "மூணாம் மெஷின் சூடாகுது. பேரிங்கா?" என்று நைட் ஷிப்ட்காரர் எழுதிவிட்டுப் போவார். காலையில் மெயின்டனன்ஸ் ஆள் அதன் கீழே தன் பங்கை எழுதுவார். ரெண்டு பேரும் சந்திச்சுக்கவே மாட்டாங்க. வேலை நடக்கும்.

பல ஏஜென்ட்களைச் சேர்த்து மென்பொருள் எழுதவைக்கும் மெட்டாஜிபிடி பற்றித் தேடியபோது இந்தப் பலகைதான் ஞாபகம் வந்தது. 2023-ல் வந்தது அது. மொழி மாதிரிகளுக்கு புராடக்ட் மேனேஜர், ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் என்று பொறுப்பு பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் தன் ஆவணத்தைப் பொதுவான செய்திக் குளத்தில் போடும். தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

புதுசு மாதிரி தெரியுது, இல்லையா? யோசனை அரை நூற்றாண்டு பழசு. அதில் முக்கியமான ஒருவர் நம்ம பக்கத்துக்காரர்.

ராஜ் ரெட்டி 1937-ல் சித்தூர் மாவட்டம் காட்டூரில் பிறந்தார். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திருத்தணியும் அப்போது சித்தூரில்தான் இருந்தது. 1960-ல்தான் நம் பக்கம் வந்தது. 1958-ல் கிண்டியில் சிவில் இன்ஜினியரிங் முடித்தவர், 1966-ல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று, 1969-ல் கார்னகி மெலனுக்குப் போனார்.

1971-ல் அமெரிக்காவின் ஆர்ப்பா, பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிக்கு ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. அதற்காக அவர் குழு செய்ததுதான் ஹியர்சே-2. அசைக்கு ஒரு நிரல், சொல்லுக்கு ஒன்று, இலக்கணத்துக்கு ஒன்று. எல்லாம் தங்கள் ஊகத்தை ஒரே 'கரும்பலகை'யில் எழுதும். ஒவ்வொரு ஊகத்துக்கும் எவ்வளவு நம்பலாம் என்று ஒரு மதிப்பெண். அடுத்து எந்த நிரல் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்ய தனியாக ஒரு நிரல்.

1976-ல் இலக்கைத் தொட்டது எது தெரியுமா? ஹியர்சே-2 இல்லை. அதே குழுவில் உருவான ஹார்ப்பி. ஆயிரம் சொற்களையும் இலக்கணத்தையும் முன்கூட்டியே ஒரே வலைப்பின்னலாகக் கோத்துவைத்த நிரல் அது. ஆனால் பிற்காலத்தில் பல துறைகளுக்குப் போனது தோற்ற கரும்பலகைதான். 1994-ல் ரெட்டிக்கு டூரிங் விருது கிடைத்தது.

இதிலிருந்து எனக்கு ரெண்டு குறிப்பு. ஒன்று, ஒரே ஏஜென்ட் போதுமான்னு முதலில் பார்த்துடணும். ரெண்டு, பல ஏஜென்ட் தேவைன்னா, பலகையில் இருக்கிறது ஊகம் என்பதை மறக்கக் கூடாது. முதல் ஏஜென்ட் தேவையைத் தப்பாகப் புரிந்துகொண்டால், அடுத்த நாலும் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு அழகாகக் கட்டி முடிக்கும். மெட்டாஜிபிடியும் எழுதிய நிரலை ஓட்டிப் பார்த்துத் திருத்தவைக்கிறது. நல்ல வழிதான், ஆனால் கேட்டதே தப்பாக இருந்தால், ஓடுகிற நிரலும் தப்புதான்.

நைட் ஷிப்ட்காரர் 'பேரிங்' என்று மட்டும் எழுதியிருந்தால், காலையில் யாரும் வேற எதையும் திறந்து பார்த்திருக்க மாட்டாங்க. அவர் போட்ட கேள்விக்குறிதான் பார்க்க வைத்தது.