பெலிம்பிங் பழமும் சிறுநீரகமும்

பெண்டாங் வட்டாரத்திலே வீட்டுக் கொல்லையில் பெலிம்பிங் மரம் நிற்பது புதுமையன்று. குறுக்கே அரிந்தால் விண்மீன்போல் தோன்றும் அப்பழத்தை உப்புத் தொட்டுத் தின்று வளர்ந்தவர்கள் நாம். நோயாளியைப் பார்க்கப் போகும்போதும் நாலு பழத்தைப் பறித்துச் செல்கிறோம். ஆனால், அவர் சிறுநீரகம் செயலிழந்தவரானால் அப்பழமே நஞ்சாகிவிடும். மருத்துவ உலகம் இதை எவ்வாறு கண்டறிந்தது என்பதை இன்று காண்போம்.

உணவு சத்தைத் தருவதோடு கழிவையும் விட்டுச் செல்கிறது. 1821-இல் ஜெனிவாவில் பிரெவோ, டூமா என்னும் இருவர், சிறுநீரகங்கள் அகற்றப்பட்ட விலங்குகளின் இரத்தத்தில் யூரியா தேங்குவதைக் காட்டினர். அக்கழிவை வெளியேற்ற, 1943-இல் நெதர்லாந்து மருத்துவர் கால்ஃப், செலோபேன் குழாயைச் சுழலும் உருளையில் சுற்றி இரத்தச் சுத்திகரிப்புக் கருவி ஒன்றை அமைத்தார். 1945-இல் 67 வயது மூதாட்டி ஒருவர் அதனால் உயிர் பிழைத்தார். 1964-இல் அச்சிகிச்சை கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்கும் வந்தது.

எனினும் சிறுநீரகம் இரவு பகலாக உழைக்கிறது; கருவியோ பெரும்பாலும் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரமே இயங்குகிறது. இடைப்பட்ட நாள்களில் உணவின் கழிவுகள் இரத்தத்தில் சேருகின்றன. பெலிம்பிங்கின் தீங்கும் இங்கேதான் தொடங்குகிறது.

1998-இல் பிரேசில் மருத்துவர்கள், சுத்திகரிப்புச் சிகிச்சை பெற்றுவந்த ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினர். இரண்டு மூன்று பழமோ, சிறிது சாறோதான் அவர்கள் உட்கொண்டது. நிற்காத விக்கல், உறக்கமின்மை, மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை கண்டன. இத்தகைய நோயாளிகளுள் உயிரிழந்தோரும் உண்டு. காரணமான நரம்பு நஞ்சை 2013-இல் பிரேசில் ஆய்வாளர்களே பிரித்தெடுத்து, ‘கேரம்பாக்சின்’ எனப் பெயரிட்டனர். நலமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடுகிறது. பழுதுற்ற சிறுநீரகமோ தேக்கிவைக்கிறது. தேங்கிய நஞ்சு மூளையைத் தாக்குகிறது.

ஆகவே, சிறுநீரக நோயாளிக்குப் பெலிம்பிங் ஒரு துண்டும் வேண்டா, சாறும் வேண்டா. அறியாமல் தின்றபின் விக்கல் கண்டால், தண்ணீர் குடித்துப் பார்த்துக் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, தின்றது இன்னதென்று சொல்லவேண்டும். காலத்தே செய்யும் இரத்தச் சுத்திகரிப்பு அந்நஞ்சை நீக்க வல்லது. அன்போடு கொண்டுசெல்லும் பழம் அவருக்கு ஏற்றதா என்று ஒருமுறை கேட்டறிவோம், அதுவும் அன்பே.