ஜஞ்சீராவின் மதில்கள்

அரபு மொழியில் தீவுக்கு ‘ஜஸீரா’ என்று பெயர். கடல்நீர் வடிந்து இறங்குவதை ‘ஜஸ்ர்’ என்பர். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. மராத்தியர் நாவில் ‘ஜஞ்சீரா’ எனத் திரிந்த இச்சொல்லே, மும்பைக்குத் தெற்கே கொங்கணக் கரையில், முருட் என்னும் ஊரை அடுத்துக் கடலினுள் நிற்கும் கோட்டைக்குப் பெயராயிற்று. இராஜபுரித் துறையிலிருந்து பாய்மரப் படகில் சென்று, நாம் அங்கே ஒரு பகற்பொழுதைக் கழித்தோம்.

கரையிலிருந்து நோக்குவார்க்கு அக்கோட்டைக்கு வாயிலே இல்லை எனத் தோன்றும். படகு மதிலை நெருங்கிய பின்னரே, கொத்தளங்களுக்கிடையே ஒளிந்திருக்கும் வாயில் கண்ணுக்குப் புலனாகும். அலை படகைத் தூக்கும் நொடி பார்த்துப் படியில் கால் வைக்க வேண்டும். உள்ளே பள்ளிவாசலும் பாழடைந்த மாளிகையும், ‘கலால் பாங்கடி’ முதலிய பெரும் பீரங்கிகளும் உள்ளன. நாற்புறமும் உவர்க்கடல் சூழ, நடுவே நன்னீர்க் குளங்கள் இரண்டு. முற்றுகையிட்டோர் வெறுங்கையோடு மீண்டதற்குப் பீரங்கிகளைக் காட்டிலும் இக்குளங்களே பெருங்காரணம் என்பது நம் கருத்து.

வழிகாட்டிகளுக்கு இருபத்திரண்டு என்னும் எண்ணின்மீது தனிக் காதல். 22 ஏக்கர், 22 ஆண்டு வேலை, 22 கொத்தளம் என அடுக்கிக்கொண்டே போகிறார்கள். அது கிடக்கட்டும். ‘எவராலும் வெல்லப்படாத முஸ்லிம் கோட்டை’ என்று நம்மவர் பெருமை பேசுவதைத்தான் சற்று நின்று ஆராய வேண்டியிருக்கிறது.

வெல்லப்படவில்லை என்பது உண்மையே. சிவாஜி பன்முறை முயன்றார். அருகிலேயே பத்மதுர்க்கம் என்னும் கடற்கோட்டையையும் எழுப்பினார். அவர் மைந்தர் சம்பாஜி 1682இல் கல்லும் மரமும் கொட்டிக் கடலைத் தூர்த்துப் பாதையமைக்க முற்பட்டார். முகலாயப் படை நெருங்கவே அப்பணியைக் கைவிட்டார். ஆயினும் இதனைச் சமயப் போர் எனக் கொள்வதற்கில்லை. சிவாஜியின் கடற்படைத் தலைவர்களுள் ஒருவர் தவ்லத் கான் என்னும் முஸ்லிம். கோட்டைத் தலைவர் ஃபத்ஹ் கானோ 1670 அளவில் அதனைச் சிவாஜியிடம் ஒப்படைக்கவே இசைந்திருந்தார். உடனிருந்த தளபதிகள் அவரைச் சிறையிட்டு, அவுரங்கசீப்பின் ஆதரவைப் பெற்றனர். கரையோர வரியும் கடல்வழி உரிமையுமே அன்றைய வழக்கு.

அப்படியாயின் இக்கோட்டையின் சிறப்பு யாது? அதனை ஆண்டவர்கள் ஸித்திகள். ‘என் தலைவரே’ எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அவர்தம் முன்னோர் ஹபஷா நாட்டிலிருந்தும் அதனையொட்டிய ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்தும் வந்தோர். பலர் அடிமைச் சந்தையில் விலைபேசப்பட்டவர்கள். அவ்வாறே விற்கப்பட்டு வந்த மாலிக் அம்பர், 1626இல் இறக்கும்வரை அஹ்மத்நகர் அரசைத் தாங்கிநின்ற கதையை நம் வாசகர் அறிவர். ஜஞ்சீராவிலோ ஒரு முறைமை நிலவியது. தலைவர் இறந்தால் அவர் மகன் தானாகவே பட்டமேறுவதில்லை. கப்பற்படையில் தகுதி மிக்க தளபதியே பின்னுரிமை பெறுவார். விலைக்கு வாங்கப்பட்ட மனிதனும் தலைமையை எட்டக்கூடிய அரசு அது. அத்தகைய தளபதியான யாகூத் கான், முகலாயர் சார்பில் 1689இல் மும்பையில் இறங்கி ஆங்கிலேயரை அவர்தம் கோட்டைக்குள்ளேயே அடைத்துவைத்தார். அவுரங்கசீப்பிடம் அவர்கள் பணிந்த பின்னரே, 1690இல் தீவை விட்டகன்றார்.

மதிலின் வலிமை குன்றவில்லை. குன்றியது வீட்டின் ஒற்றுமை. 1733இல் ஸித்தி ரசூல் யாகூத் கான் மறைந்தபோது பட்டத்துக்காகப் பூசல் மூண்டது. அவ்வேளை பார்த்துப் பேஷ்வா பாஜிராவ் படையெடுத்தார். இராய்கட் உள்ளிட்ட கரைப்பகுதிகள் கைமாறின. கடல் நடுவே தீவு மட்டும் எட்டாமல் நின்றது. பின்னாளில் நவாபுகளும் கரைக்குக் குடிபெயர்ந்து, முருட்டில் அரண்மனை கட்டிக்கொண்டனர். 1948இல் அச்சிற்றரசு இந்திய ஒன்றியத்தில் இணைந்தது.

இராஜபுரிக்கு அருகே கோக்ரி என்னுமிடத்தில் அத்தலைவர்களின் கல்லறைகள் மூன்று, கவிமாடங்களோடு இருக்கின்றன. படகேறிக் கோட்டையைக் காண வருவோருள் அங்கே சென்று நிற்பவர் மிகச் சிலரே.