மானிப்பாய் டாக்டரும் பதினேழு மார்க்கும்

"அங்காதிபாதம்"னு சொன்னா இன்னிக்கு எந்த மெடிக்கல் காலேஜ் பையனும் முழிப்பான். வேற ஒண்ணுமில்லைங்க, அனாடமி தான். 19ஆம் நூற்றாண்டுல யாழ்ப்பாணத்துல புழங்கின பேரு.

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்னு ஒரு அமெரிக்க மிஷன் டாக்டர். 1847ல இலங்கைக்கு வந்து மானிப்பாய்ல ஆஸ்பத்திரி நடத்தினார். 1848லேயே பசங்களுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சிட்டார், இங்கிலீஷ்ல. படிச்சு முடிச்சவங்க சர்க்கார் உத்தியோகம், தோட்டம்னு கிளம்பிட்டாங்க. கிராமத்துக்கு ஆள் இல்லை. (இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குல்ல?) மனுஷன் 1864ல வகுப்பையே தமிழுக்கு மாத்திட்டார்.

மாத்தினா போதுமா, புத்தகம் வேணுமே! கட்டர் எழுதின சின்னப் பாடநூல் 1857லேயே தமிழ்ல வந்திருந்தது. உடம்போட அமைப்பு, அது வேலை செய்யற விதம், சுகாதாரம் மூணும் ஒரே புத்தகத்துல. 1858ல லண்டன்ல வந்த கிரேயோட பெரிய அனாடமி, 1872ல "மனுஷ அங்காதிபாதம்" ஆச்சு. கலைச்சொல்லுக்கு முதல்ல தமிழ்ல தேடுறது, இல்லேன்னா சமஸ்கிருதம், அதுவும் இல்லேன்னா இங்கிலீஷை அப்படியே தமிழ் எழுத்துல போடுறது. பிடிவாதமே கிடையாது. எனக்கு இந்த ஆளைப் பிடிச்சதே அதனாலதான்.

இதை இப்ப எதுக்கு இழுக்கறேன்னா, எங்க கடையநல்லூர்ப் பக்கம் வெளிநாட்டுல டாக்டருக்குப் படிச்சிட்டு வந்து எஃப்.எம்.ஜி.இ. எழுதறவங்களை நினைச்சுத்தான். 2002ல இருந்து நடக்குற பரீட்சை. 300 கேள்வி, 150 எடுத்தா பாஸ். எடுக்கலேன்னா இங்கே ஊசி போட முடியாது. வீட்டுல நிலத்தை வித்த காசு, கல்யாணப் பேச்சு எல்லாம் அந்த 150ல தொங்குது. அதுல அனாடமிக்கு 17 மார்க்தான். அந்தப் பதினேழுக்கு கிரேயை முதல் பக்கத்துல இருந்து உருப்போட்டா மத்த பாடத்துக்கு நேரம் எங்கே இருக்கு?

மானிப்பாய்ல புத்தகம் வந்த வரிசையைப் பாருங்க. சின்னது முதல்ல, பெரியது அப்புறம். அமைப்பையும் வேலையையும் பிரிக்காமப் படிக்கறது. பரீட்சையும் அப்படித்தானே கேக்குது? மேற்கை எலும்பு நடுவுல உடைஞ்சா எந்த நரம்பு போகும், மணிக்கட்டு ஏன் தொங்கும்னு. ரேடியல் நரம்பு அந்த எலும்பை ஒட்டிச் சுத்திப் போகுதுன்னு ஒரு தடவை படம் போட்டுப் பார்த்தவன் மறக்க மாட்டான். வெறுமனே பட்டியலா மனப்பாடம் பண்ணவன் பரீட்சை ஹால்ல குழம்புவான்.

அடுத்தது, பேரோட அர்த்தம். ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டுன்னு கேட்டதும் பயம் வருது. மார்பெலும்பு, காறையெலும்பு, காதுக்குப் பின்னாடி இருக்கிற முண்டு. அந்தத் தசை ஒட்டியிருக்கிற மூணு இடமும் பேர்லயே இருக்கு! காறைங்கறது கழுத்துல போடுற நகை. அது உட்காருற எலும்பு எதுன்னு நம்ம பாட்டிக்குக் கூடத் தெரியும். பரீட்சை இங்கிலீஷ்லதான், இல்லைன்னு சொல்லலை. விடையை இங்கிலீஷ்ல டிக் பண்ணுங்க, புரிஞ்சுக்கறதைத் தமிழ்ல புரிஞ்சுக்கங்க. யாரு தடுக்கறா?

கிரீன் 1873ல அமெரிக்கா திரும்பிட்டார். அங்கே போயும் தமிழை விடலை. உடலியங்கியல் புத்தகம் "மனுஷ சுகரணம்" 1883ல வெளிவந்தது. அடுத்த வருஷம் ஆள் போயிட்டார்.