எல்லைக்கோடும் கைத்திரையும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருவழியில், நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்தால் களியக்காவிளை வருகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு உள்ளிட்ட தென் தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இரு புறத்தும் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் மக்களே வாழ்கின்றனர். ஆயினும் அன்றுமுதல் அவர்கள் இரு சட்டமன்றங்களுக்கு உட்பட்டவராயினர்.

அதன் விளைவு, கைப்பேசியில் பணம் வைத்தாடும் ரம்மியில் தெளிவாய் வெளிப்பட்டது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்திருந்தது. அதனை ஆதாரமாகக் கொண்டே இணைய ரம்மி நிறுவனங்கள் வழக்காடின. 2021இல் தமிழகத்தின் தடையைச் சென்னை உயர் நீதிமன்றமும், கேரள அரசின் அறிவிக்கையைக் கேரள உயர் நீதிமன்றமும் நீக்கின. தமிழகம் மீண்டும் சட்டம் இயற்றி, 2023 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மி, போக்கர் ஆகியவற்றின் மீதான தடையை மட்டும் விலக்கிற்று. இடைப்பட்ட மாதங்களில் களியக்காவிளையில் விலக்கப்பட்ட ஆட்டத்திற்குப் பாறசாலையில் தடையில்லை. 2025 ஆகஸ்டு 22இல் ஒப்புதல் பெற்ற நடுவண் சட்டமோ, திறமை, வாய்ப்பு என்ற பாகுபாட்டையே கைவிட்டு, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதற்கும் விலக்க முற்பட்டது.

பணமின்றியே இரவெல்லாம் ஆடும் சிறுவனை இச்சட்டம் என்ன செய்யும்? தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளுக்கு மேலாக ஆட்டத்தை மதித்தல், தீங்கு கண்டும் விடாமை ஆகிய மூன்றும் கூடிய நிலையை, 2019இல் ஏற்கப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஒரு கோளாறாகக் குறித்தது. தென் கொரியா 2011இல் பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவில் கணினியில் இணைய ஆட்டம் ஆடுவதைத் தடுத்தது. ஆட்டம் கைப்பேசிக்கு மாறிவிட, பத்தாண்டுக்குப் பின் அவ்விதியைக் கைவிட்டது. கேரளக் காவல்துறையோ, 2023இல் திருவனந்தபுரம் முதலிய நகரங்களில் சிறுவர்க்கு இலவச ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. தண்டனையை விடுத்துப் பரிவை நாடிய இம்முயற்சியே போற்றத்தக்கது என்பது நம் கருத்து.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். தாத்தா பாட்டியும், பழகிய தெருவும் இல்லாத அயலூரில், குழந்தைக்குக் கைத்திரையே தோழனாகிறது. அத்தோழனைப் பறித்தால் மட்டும் போதாது. அவ்விடத்தில் நாம் சென்று அமர வேண்டும். எந்தச் சட்டமன்றமும் நமக்காக அதைச் செய்ய இயலாது.