படியளந்த கல்வி: உத்திரமேரூர் முதல் சூவான்சௌ வரை

உத்திரமேரூர் என்றதும் குடவோலை முறையே நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபை எடுத்த முடிவுகளைத் தாங்கி நிற்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காண வருவோர், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுத்த வழக்கத்தை வியந்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அதே கல்வெட்டில் கல்வியின் விலைமதிப்பைச் சொல்லும் விதியொன்றும் உண்டு. வாரியத்துக்குப் பெயர் எழுதப்பட வேண்டுமாயின் ஒருவருக்கு இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆனால் ஒரு வேதத்தில் தேர்ந்து, நான்கு பாடியங்களுள், அதாவது உரைநூல்களுள், ஒன்றை விளக்கிச் சொல்ல வல்லவராயின், அரைக்கால் வேலி, அதாவது அதில் பாதி நிலமே போதும் என்று சபை விதித்தது. படிப்பு அரைக்கால் வேலி நிலத்துக்கு ஈடாக எண்ணப்பட்ட ஊரில், அந்தப் படிப்பைப் பெறுவதற்கு ஒரு மாணவன் எங்கே தங்கினான், எதை உண்டான், அவனுக்கு யார் படியளந்தார் என்னும் வினாக்கள் குடவோலையைவிடக் குறைந்த சுவை உடையவை அல்ல.

அவற்றுக்கான விடை உத்திரமேரூருக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில் கல்லில் கிடைக்கிறது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் 60களில், பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டு, கோயிலுக்கு உரிய ஊரின் வருவாய் எந்தெந்தச் செலவுக்கு எவ்வளவு என்று நாழி நாழியாகப் பிரித்துக் காட்டும் ஒரு வரவு செலவுத் திட்டமாகும். வைசியரான மாதவன் தாமயன் கட்டிய சனநாத மண்டபத்தில் ஒரு பள்ளியும், அதில் பயில்வோர் தங்கி உண்ணும் விடுதியும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலையும் இயங்கின. ஆதுலசாலை என்பது நோயுற்றோரைத் தங்கவைத்து மருத்துவம் பார்க்கும் இடம். இக்கால வழக்கில் மருத்துவமனை.

பள்ளியில் இருக்கு வேதம் பயில்வோர் 10 பேர், யசுர் வேதம் பயில்வோர் 10 பேர், வியாகரணமும் ரூபாவதாரமும் பயில்வோர் 20 பேர். வியாகரணம் என்பது பாணினி வழி வந்த வடமொழி இலக்கணம். ரூபாவதாரம், அதன் நூற்பாக்களைப் பொருள் வாரியாக மாற்றி அடுக்கி, தொடக்கநிலை மாணவருக்கு எளிதாக்கிய நூல். பௌத்தரான தருமகீர்த்தி இயற்றியதாகக் கருதப்படும் இந்நூல் ஒரு திருமால் கோயில் மண்டபத்தில் பாடநூலாக இருந்ததில் அன்று எவரும் முரண்பாடு கண்டதாகத் தெரியவில்லை. இந்த மாணவர்களோடு பாஞ்சராத்திரர், வைகானசர் முதலிய வழிபாட்டு நெறியினரையும் சேர்த்து 60 பேருக்கு நாள்தோறும் சோறிடக் கல்வெட்டு வகைசெய்கிறது. வேத ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 60 கலம் நெல்லும் 4 காசும், இலக்கண ஆசிரியருக்கு 120 கலம் நெல்லும் 10 காசும் குறிக்கப்பட்டன. ஆதுலசாலையின் தலைமை மருத்துவருக்கு, அவருக்கென்று அமைந்த நிலம் நீங்கலாக, 90 கலமும் 8 காசும் இருந்தன என்பதையும், அறுவை மருத்துவருக்கு 30 கலம் மட்டுமே என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கத்தி பிடித்தவரைவிட இலக்கணம் சொன்னவர் நான்கு மடங்கு நெல் பெற்றது புலனாகும். இந்த ஏற்றத்தாழ்வு பொருத்தமானதுதானா என்னும் ஐயம் இக்காலத்தவருக்கு எழுவது இயல்பே.

சோற்றோடு கணக்கு நின்றுவிடவில்லை. விடுதியில் படுக்கப் பாய், இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை நீராட்டுக்குத் தலைக்கு எண்ணெய் ஆகியவை தனித்தனியே ஒதுக்கப்பட்டன. வீட்டை விட்டு வந்து தங்கிய பிள்ளைக்கு வேதம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வாரத்தில் ஒருநாள் எண்ணெய்க் குளியலும் வேண்டும் என்று அறிந்த ஒருவரே இந்தத் திட்டத்தை வகுத்திருக்க வேண்டும். நோய் வந்தால் ஆதுலசாலையில் 15 படுக்கைகள் இருந்தன. அங்குக் கிடந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மூலிகை பறித்தும் விறகு கொண்டுவந்தும் மருந்து காய்ச்ச இருவர், நோயாளரைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொணர்வார் ஒருவர் என ஊழியரும் குறிக்கப்பட்டனர். வாசாகரீதகி, தசமூலகரீதகி, பல்லாதககரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய 20 மருந்துகளின் பட்டியலே கல்லில் இருக்கிறது. கரீதகி என்பது கடுக்காய், கிருதம் என்பது நெய், லவணம் என்பது உப்பு. எனவே இப்பட்டியலில் ஒரு பகுதியை இன்றைய நாட்டுமருந்துக் கடைக்காரரும் இனங்கண்டுகொள்வார்.

இந்த ஏற்பாடு தனித்த புதுமை அன்று. முதலாம் இராசேந்திரன் காலத்தில் விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட பெரிய கல்லூரி நடைபெற்றது. அங்கு வேதம் ஓதும் இளநிலை மாணவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல்லும், இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் பயிலும் முதுநிலை மாணவருக்கு ஒரு குறுணி 2 நாழி நெல்லும் அளக்கப்பட்டன. குறுணி என்பது 8 நாழி. ஆகவே மூத்தவருக்கு 10 நாழி. தெற்கே ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் அமைத்த பார்த்திவசேகரபுரத்துச் சாலையில் 95 மாணவர் தங்கிப் பயின்றனர். சாலை என்பது இங்கு உணவும் உறையுளும் கூடிய கல்விநிலையத்தைக் குறிக்கும். அதன் செப்பேடு, மாணவர் ஒருவரையொருவர் இழித்துப் பேசினால் தண்டம், கூட்டத்துக்கு ஆயுதம் ஏந்தி வரலாகாது, சாலைக்குள் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளலாகாது என்று விதிக்கிறது. விதி எழுதப்பட்டிருப்பதிலிருந்தே இச்செயல்கள் நடந்திருக்கின்றன என்று கொள்வதில் தவறில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிப் படித்தவரின் நிலை இதைவிடச் சிக்கலானது. காஞ்சிபுரத்துக் கடிகை, அதாவது வேதமும் சாத்திரமும் கற்பித்த உயர்கல்விக் கழகம், பல்லவர் காலத்திலேயே பிற நாட்டாரை ஈர்த்தது. இன்றைய கருநாடகத்தின் தாளகுந்தாவில் நிற்கும் தூண் கல்வெட்டு, கதம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் தன் ஆசிரியர் வீரசர்மரோடு காஞ்சிக்கு வந்து கடிகையில் சேர்ந்ததையும், அங்கே பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு மூண்ட பூசலில் சினந்து, தருப்பை பிடித்த கையில் வாளெடுத்ததையும் கூறுகிறது. படிக்க வந்த அயலானுக்கு உள்ளூர் அதிகாரத்தின் சிறுபணியாளனோடு ஏற்பட்ட உரசல் ஓர் அரசின் பிறப்பில் முடிந்தது அரிதான முடிவுதான். உரசல் மட்டும் அரிதானதன்று. இக்கடிகையைப் பின்னர் மீண்டும் நிலைநாட்டியவனாக வேலூர்ப்பாளையம் செப்பேடு குறிக்கும் இரண்டாம் நரசிம்மவர்மனே, 720இல் சீனத்துத் தாங் மரபினரின் அரசவைக்குத் தூது அனுப்பியவனும் ஆவான்.

எதிர்த்திசையில் வந்த சீன மாணவர்கள் தம் அன்றாட வாழ்வைத் தாமே எழுதிவைத்தது வரலாற்றுக்குக் கிடைத்த நற்பேறு. 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் நாலந்தா பௌத்த விகாரத்தில் பயின்றபோது, மகாசாலி என்னும் உயர்வகை அரிசியும், பாக்கு, சாதிக்காய், கற்பூரம் ஆகியவையும் அவருக்கு நாள்தோறும் வழங்கப்பட்டதாக அவருடைய வரலாறு எழுதிய சீடர் குறிக்கிறார். அங்கு அவருக்குத் தலைமை ஆசிரியராக இருந்த சீலபத்திரரின் ஆசான் தருமபாலர் காஞ்சியைச் சேர்ந்தவர். பின்னர் யுவான் சுவாங் காஞ்சிக்கும் வந்தார். எனினும் அவர் பெற்றது பெருமதிப்புக்குரிய விருந்தினருக்கான படி. அதைக் கொண்டு பொது மாணவனை அளக்க இயலாது.

பொது மாணவனின் வாழ்வை அறிய உதவுபவர் அவருக்குப் பின் வந்த இ-சிங் ஆவார். 671இல் குவாங்சௌவில் கப்பலேறிய இவர், நேரே இந்தியாவுக்கு வராமல், சுமத்திராவின் சிறீவிசயத்தில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் கற்றுக்கொண்டார். இந்தியாவில் படிக்க விரும்பும் சீனர் முதலில் அங்கே ஓரிரு ஆண்டுகள் பழகிவிட்டுச் செல்வது நலம் என்று அறிவுரையும் எழுதினார். மொழி தெரியாமல் பாட வகுப்பில் நுழைவதன் இடரை அவரைவிடத் தெளிவாக உரைத்தவர் அக்காலத்தில் இல்லை. நாலந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இருந்த அவர், காலையில் மணி ஒலித்ததும் துறவியர் நீராட்டுத் துணியோடு குளங்களுக்குப் போவதையும், பல்குச்சி மெல்லும் முறையையும், உண்ணும்போது ஒருவரையொருவர் தொடாதவாறு தனித்தனி இருக்கையில் அமர்வதையும், நீர்க்கடிகாரத்தால் பொழுது அறிவதையும் எழுதியிருக்கிறார். துறவு பூணாமல் உலகியல் நூல்களைப் படிக்க மட்டும் விகாரத்தில் தங்கியவர்கள் தம் உணவைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும், சங்கத்துக்கு உழைத்தாலன்றிச் சங்கத்தின் சோற்றை உண்ணலாகாது என்னும் விதியையும் அவரே குறித்துள்ளார். திருமுக்கூடலின் கணக்கு இந்த விதியிலிருந்து விலகி, படிப்பவர் என்ற ஒரே காரணத்துக்காகச் சோறிட்டது. ஆனால் எதைப் படிப்பவர் என்பதை அது மிகக் குறுக்கியே வைத்திருந்தது.

இங்கேதான் வணிகக் கல்வி என்னும் வினா எழுகிறது. மண்டபம் கட்டியவர் வைசியர். அம்மண்டபத்துள் எண், எழுத்து, நாணயமாற்று, கப்பல் கணக்கு ஆகியவற்றுக்கு ஓர் ஆசிரியரோ ஒரு நாழி நெல்லோ இல்லை. ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் போன்ற வணிகக் குழுக்கள் தம் இளையோரைக் கடையிலும் சாத்திலும் மரக்கலத்திலும் வைத்தே பழக்கின என்று கருதுவதே பொருந்தும். சாத்து என்பது கூடிச் செல்லும் வணிகர் திரள். சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை நாட்டிய ஐந்நூற்றுவரின் விடுதி வேறு இடத்திலிருந்தது. அவர்களுக்குப் பருவக்காற்றே பாட அட்டவணை. ஊர் திரும்பும் காற்றுக்காக மாதக்கணக்கில் அயல் துறைமுகத்தில் காத்திருக்கும்போது, மொழியும் நிறையளவும் சுங்க நடைமுறையும் தாமே படிந்தன.

சீனத்தில் வணிகர் அவ்வாறு காத்திருந்த துறைமுகங்களுள் முதன்மையானவை குவாங்சௌவும் சூவான்சௌவும். அயல்நாட்டு வணிகர் தமக்கென்று ஒதுங்கிய குடியிருப்பில், தம்முள் ஒருவரைத் தலைவராகக் கொண்டு வாழ்ந்தனர். சரக்குகள் அரசின் கடல்வணிக அலுவலகத்தில் சோதிக்கப்பட்டு, இறையாக ஒரு பங்கு எடுக்கப்பட்ட பின்னரே விலைக்குப் போயின. சூவான்சௌவில் இவ்வலுவலகம் 1087இல் அமைந்தது. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதுவர் சுங் பேரரசரின் அவைக்குச் சென்றனர். கடைசித் தூதில் சென்றவர் 72 பேர், அவர்கள் பெற்று மீண்டது 81,800 கோவை செப்புக்காசு. தூது என்று பெயர் இருந்தாலும் இது வணிகம்தான் என்று வரலாற்றறிஞர் நீலகண்ட சாத்திரியார் காலம் முதலே அறிஞர் கூறிவந்துள்ளனர்.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹூய்சுங் பேரரசரின் ஆட்சியில், இவ்விரு நகரங்களிலும் அயல்நாட்டார் பிள்ளைகளுக்கென்றே பள்ளிகள் ஏற்பட்டன. கடல் கடந்து வந்த வணிகரின் மக்கள் சீனத்து அரசுப்பள்ளியில் சீன நூல்களைக் கற்றனர். அங்கும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது வணிகம் அன்று, கன்பூசிய இலக்கியமே. தொழிலைத் தந்தையிடமும் பண்பாட்டைப் பள்ளியிடமும் பெறுக என்னும் கொள்கையில் காஞ்சி நாடும் சீன நாடும் ஒத்திருந்தன. ஆயினும் வேறுபாடொன்று உண்டு: சீனத்துப் பள்ளி அயல் வணிகரின் மகனை உள்ளே அமர்த்தியது, திருமுக்கூடல் பள்ளி தனக்கு மண்டபம் தந்த வணிகரின் மகனுக்கு எந்த இடமும் குறிக்கவில்லை. சோழர் காலக் கல்விக் கொடைகளைப் போற்றி எழுதுவோர் பலரும் கடந்துபோகும் குறை இது.

சூவான்சௌவில் தங்கிய தமிழர் அங்கே வெறும் வழிப்போக்கராக இருக்கவில்லை. சக ஆண்டு 1203இல், அதாவது 1281 ஏப்ரலில், சம்பந்தப் பெருமாள் என்பவர், சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய்க் கானின் நலத்துக்காகவும் அவருடைய ஆணையின்படியும் திருக்கதலீசுவரம் என்னும் சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்ததைத் தமிழிலும் ஒரு வரி சீன எழுத்திலும் பொறித்த கல் அந்நகரில் கண்டெடுக்கப்பட்டது. அக்கோயில் அழிந்துவிட்டது, கண்ணனும் நரசிம்மரும் செதுக்கப்பட்ட தூண்கள் அந்நகரின் கையுவான் பௌத்தக் கோயிலில் பிற்காலத் திருப்பணியின்போது சேர்க்கப்பட்டு இன்றும் நிற்கின்றன. சூவான்சௌவின் கல்லைத் தேடிச் செல்ல எல்லாருக்கும் வசதி இராது. ஆனால் குடவோலைக் கல்வெட்டைக் காண உத்திரமேரூர் வரை வருவோர், அரைநாள் கூட்டி ஒதுக்கி, பாலாற்றங்கரைத் திருமுக்கூடலுக்கும் சென்று, மாணவரின் பாய்க்கும் எண்ணெய்க்கும் கடுக்காய் இலேகியத்துக்கும் கணக்கெழுதிய அந்தச் சுவரையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.