குறிக்கோளை எழுதியது யார்?

எந்தப் படைக்கு எத்தனை விமானம், எவ்வளவு எரிபொருள் என்பதைக் கணினியை வைத்துப் பங்கிடும்போது, மனிதர் எடுக்கும் முடிவு எந்த இடத்தில் இருக்கிறது? இத்தகைய பங்கீட்டைக் கணினியிடம் ஒப்படைக்க அமெரிக்க விமானப் படை 1940களின் பிற்பகுதியில் தொடங்கிய ஸ்கூப் திட்டத்தைப் பற்றிய எழுத்துகளை இந்தக் கேள்வியோடுதான் தேடிப் படித்தேன்.

முதல் தடயம், கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்ஸிக் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் கட்டுரைகளில் கிடைத்தது. படைத் திட்டமிடலை இயந்திரத்திடம் ஒப்படைக்க வழிதேடி, 1947இல் பென்டகனில் அவர் வரம்புகளுக்குள் சிறந்த திட்டத்தைத் தேடும் சிம்ப்ளெக்ஸ் முறையை உருவாக்கினார். அதைவிட முக்கியமான செய்தி ஒன்றையும் அவர் பதிவு செய்கிறார். அதுவரை திட்டமிடுவோர் தங்கள் குறிக்கோளை வெளிப்படையாக எழுதியதே இல்லை. மேலிடம் வகுத்த விதிகளே அதன் இடத்தை நிரப்பின. விதிகளைப் பின்பற்றினார்கள், எதற்காக என்று எங்கும் எழுதவில்லை.

அடுத்து, 1949இல் 'எகனாமெட்ரிகா' இதழில் மார்ஷல் வுட்டும் டான்ட்ஸிக்கும் எழுதிய கட்டுரைக்குப் போனேன். அப்போது பெர்லினுக்கு வான்வழியே உணவும் நிலக்கரியும் போய்க்கொண்டிருந்தன. அதையே அவர்கள் உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களது முறையில் கையிருப்பும் வரம்புகளும் சமன்பாடுகளாகின்றன. அவற்றோடு குறிக்கோளும் ஒரு வரியாக எழுதப்பட்டாக வேண்டும். அந்த வரி இல்லாமல் எது சிறந்த திட்டம் என்று கணக்கு சொல்லாது.

ஆனால் அன்றைய கருவிகளுக்கு அந்தக் கணக்கு பெரும் சுமை. சத்துள்ள உணவை மிகக் குறைந்த செலவில் தேர்ந்தெடுக்கும் கணக்கு ஒன்றை, 9 சமன்பாடுகளும் 77 மாறிகளும் கொண்டதை, 1947இல் இந்த முறைப்படி மேசைக் கணிப்பான்களில் போட்டுப் பார்த்தபோது, ஒருவர் செய்யும் வேலையாகக் கணக்கிட்டால் 120 நாள் பிடித்தது. விமானப் படையின் கணக்கு அதைவிடப் பல மடங்கு பெரியது.

எனவே ஸ்கூப் குழு 'முக்கோண' மாதிரிக்கு மாறியது. நான் தேடியது இங்கேதான் அகப்பட்டது. இதில் நடவடிக்கைகள் வரிசையாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் தேவையும் தனக்கு மேலே உள்ளவற்றால் தீர்மானமாகிறது. துளையட்டை இயந்திரம் படிப்படியாகக் கீழிறங்கிக் கணக்கிடும். மாற்று வழிகளை அது ஒப்பிடாது. உச்சியில் இருக்கும் போர்த் திட்டத்தைத் தந்தவர்கள் அதிகாரிகள். அதாவது, முதல் வரியிலேயே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

1952இல் யூனிவாக் கணினி பென்டகனுக்கு வந்தது. வேகம் கூடியது, எதை நாடுவது என்ற முடிவு மட்டும் மனிதரிடமே இருந்தது.

இந்தத் தாள்களிலிருந்து நான் பெறும் முடிவு இது: கணினி வந்ததால் மனிதத் தீர்ப்பு மறைந்துவிடவில்லை, இடம்தான் மாறியது. முன்பு விதிகளுக்குள் இருந்தது, பிறகு முக்கோணத்தின் உச்சிக்கும் குறிக்கோள் வரிக்கும் போனது. எழுதப்படாத குறிக்கோளைக் கேள்வி கேட்க முடியாது. எழுதப்பட்டதைக் கேட்க முடியும். டான்ட்ஸிக்கின் முறை தந்த பெரிய கொடை இதுவே என்பேன். இன்று எந்தப் படை எந்த மென்பொருளை வாங்கினாலும், அதன் வேகத்தைப் பற்றிக் கேட்கும் முன் குறிக்கோள் வரியைக் காட்டச் சொல்ல வேண்டும். அதை எழுதியவர் யார் என்பதும் பதிவில் இருக்க வேண்டும்.