ஸ்போர்ட்ஸ் காரும் எஞ்சின் அளவும்: இலங்கைக் கார் ஆர்வலர் மத்தியில்

ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிறிய எஞ்சின் நல்லதா, பெரிய எஞ்சின் நல்லதா என்ற வழக்கு கார்ப் பிரியர் கூடும் இடமெல்லாம் உண்டு. குறைந்த எடை, வளைவில் காட்டும் லாவகம், எஞ்சினை உச்சச் சுழற்சிவரை முறுக்கி ஓட்டும் இன்பம் என்று ஒரு கட்சி பேசும். இழுவை, சத்தம், அலட்டிக்கொள்ளாமல் எடுக்கும் வேகம் என்று மற்றக் கட்சி பேசும். இலங்கையில் இந்த வழக்கில் சுங்கத் திணைக்களமும் ஒரு கட்சிக்காரர். யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்நாட்டு ஆர்வலரின் ரசனையில் பெரும்பங்கை வளர்த்தவை வரி அட்டவணையும் பெற்றோல் வரிசையுமே. மனம் விரும்பியதற்கு அதில் கிடைத்த இடம் கொஞ்சம்.

எஞ்சின் அளவு என்பது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் கனவளவைக் கூட்டி வருவது. ஆயிரம் கன சென்ரிமீற்றர் ஒரு லீற்றர். பேச்சில் 'ஆயிரம் சி.சி.'. டர்போ பூட்டினால் அதே இடத்துக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கலாம். ஆகவே இன்றைய ஒரு லீற்றர் எஞ்சின் முந்தைய ஒன்றரை லீற்றரின் வேலையைச் செய்துவிடும். வழக்கு இன்னும் தீராததற்கு இதுவும் ஒரு காரணம்.

கொழும்புத்துறைத் தெருவும் லண்டன் வரியும்

கொழும்புத்துறை யாழ்ப்பாண நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில், கடனீரேரியைப் பார்த்தபடி கிடக்கும் ஊர். பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பினால் ஒழுங்கைகள்தான். இரு பக்கமும் மதில் அல்லது வேலி. எதிரே இன்னொரு கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்கெடுத்து, ஒரு வீட்டுப் படலையடியில் ஒதுங்கி வழி விட வேண்டும். இலங்கையில் கார்களுக்கான வேக எல்லை ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. அதிவேகப் பாதையில் மட்டுமே 100. நாட்டின் முதல் அதிவேகப் பாதை 2011 நவம்பரில் தெற்கில் திறக்கப்பட்டது. வடக்குக்கு அப்படியொன்று இன்னும் வரவில்லை. நாலு லீற்றர் எஞ்சின் இங்கே எந்தக் கியரில் மூச்சு விடும் என்பது நியாயமான கேள்வி.

குடாநாட்டில் நெடுங்காலம் கார் என்றாலே மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ30, ஏ40 போன்ற பிரித்தானியச் சிறு கார்கள்தான். இவற்றின் அளவை முதலில் தீர்மானித்தது பழைய பிரித்தானிய 'குதிரைவலு வரி'. அந்த வரிக் கணக்கு சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டுமே பார்த்தது; பிஸ்டன் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைப் பார்க்கவில்லை. எனவே பொறியியலாளர்கள் ஒடுங்கிய, நீண்ட சிலிண்டர்களை வார்த்தார்கள். 1948இல் வெளிவந்த முதலாவது மொறிஸ் மைனரின் 918 சி.சி. எஞ்சின், போருக்கு முந்திய மொறிஸ் எயிற் வழிவந்தது. அதன் விட்டம் 57 மில்லிமீற்றர், ஓட்டம் 90 மில்லிமீற்றர். வரிக் கணக்கில் எட்டுக் குதிரைவலு. வரி ஒழிந்தது, வார்ப்பு மட்டும் தங்கிவிட்டது. இத்தகைய எஞ்சின் உயரச் சுழலாது, ஆனால் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும். நாலு பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஏறிய பிறகும் இரண்டாம் கியரில் முனகாமல் நகரும் அந்தக் குணத்தை யாழ்ப்பாணத்தார் 'இழுவை' என்றனர். அது லண்டன் வரி அதிகாரிகள் அறியாமல் கொடுத்த சீதனம்.

1952இல் மைனருக்குள் ஒஸ்ரினின் 803 சி.சி. எஞ்சின் வந்தது, 1956இல் அது 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது. 'ஏ-சீரீஸ்' எனப்படும் இந்த எஞ்சின் குடும்பம்தான் 1958இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைற் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரையும் ஓட்டியது. அதே 948 சி.சி.; மைனரில் 37 குதிரைவலு, இரட்டைக் காபரேற்றர் பூட்டிய ஸ்பிரைற்றில் 43. கோவிலுக்கும் கலியாண வீட்டுக்கும் ஆள் ஏற்றிய வாடகைக் காரும் இங்கிலாந்தின் இளவட்டங்கள் ஓட்டிய ஸ்போர்ட்ஸ் காரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சிறிய எஞ்சினை இளக்காரமாகப் பேசும் ஆர்வலருக்கு இதைச் சொல்வதில் ஒரு தனிச் சுகம்.

மண்ணெண்ணெய்க் காலம்

1990 ஜூனில் மீண்டும் உள்நாட்டுப் போர் மூண்டதும் குடாநாட்டுக்கான தரைப்பாதை அடைபட்டது. பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்றானது. சைக்கிள் அரசனானது. ஓடிய சில கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. முறை எளிது. காபரேற்றருக்குள் ஊசியாலோ சின்னப் போத்தலாலோ கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ண வேண்டும்; எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்க வேண்டும். குளிர்ந்த மண்ணெண்ணெய் ஆவியாகாது. சூடான குழாய்க்குள் போனால்தான் எரியும். பின்னால் வெள்ளைப் புகையும், தெருவோடு நிற்கும் ஒரு நாற்றமும் வரும். போரில்லாத காலத்து இங்கிலாந்தில் பெர்கியூசன் உழவு இயந்திரங்களின் ஒரு வகை இதே முறையில் ஓடியிருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர் அதை ஒரு கைநூலுமின்றிக் காரில் செய்துகாட்டினர்.

எல்லா எஞ்சினும் இதற்குப் பணியவில்லை. மண்ணெண்ணெயின் ஒக்டேன் (முன்கூட்டி வெடிக்காமல் அழுத்தம் தாங்கும் திறன்) மிகக் குறைவு. அழுத்த விகிதம் கூடிய எஞ்சினில் அது நேரத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்டனைத் தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் மெக்கானிக் முகம் சுளிப்பார். அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில் இருந்த பழைய மொறிஸும் ஒஸ்ரினும் பொறுத்துக்கொண்டன. எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கியதால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது; ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவது வாடிக்கையானது. நவீனமான, அழுத்தம் கூடிய எஞ்சின்கள் ஓலைக் கொட்டிலுக்குள் படங்கு போர்த்திக் கிடந்தன. உலகின் வேறெங்கும் ஸ்போர்ட்ஸ் காரின் பெருமைக்குரிய இலக்கணமாக எண்ணப்படும் உயர் அழுத்த விகிதம், இங்கே ஒரு குற்றமாகிப் போனது.

அந்தத் தலைமுறையின் எஞ்சின் அறிவு இப்படித்தான் அமைந்தது: பெரியது குடிக்கும், நுட்பமானது நின்றுவிடும், சின்னது ஓடும். இன்று யாழ்ப்பாணத்தில் கார் பேசும் இளையோரிடம்கூட "எவ்வளவு ஓடும்?" என்ற கேள்வி "எவ்வளவு வேகம்?" என்பதற்கு முன் வருவது வியப்பல்ல.

போட்டிப் பாதையில்

இலங்கையின் மோட்டார் பந்தயம் தொடக்கத்திலிருந்தே மலைநாட்டில் வேரூன்றியது. நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தியத்தலாவை இராணுவக் கல்லூரியின் ஃபொக்ஸ் ஹில் சரளைப் பாதைப் பந்தயம் 1993இல் தொடங்கியது. இரண்டிலும் கார்கள் எஞ்சின் அளவுக்கேற்பப் பிரிக்கப்படும். மினிக்கும், ஃபோர்ட் லேசர், மஸ்டா 323 போன்ற பழைய குடும்பக் கார்களுக்கும் தனிப் போட்டிகள் உண்டு. பார்வையாளர் ஆரவாரம் பெரும்பாலும் இந்தச் சிறு வகுப்புகளுக்கே கிடைக்கும். ஏனெனில் அவரவர் வீட்டு முற்றத்தில் நின்ற கார் அது.

நுவரெலியாவின் உயரம் சுமார் 1,870 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின், பெரிதோ சிறிதோ, அதே வீதத்தில் வலுவை இழக்கும். டர்போ உள்ள சிறு எஞ்சின் இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். கொண்டையூசி வளைவுகளில் முன்சக்கரத்தின் மேல் பாரமான எஞ்சின் இருந்தால் கார் நேராகத்தான் போகப் பார்க்கும். மலைப்பாதையில் சிறிய எஞ்சின் கட்சிக்கு ஆதரவு கூடியது வெறும் பாசத்தால் அல்ல.

சிறு எஞ்சின் கட்சியினர் வழக்கமாக மேற்கோள் காட்டுவது 1964 மொன்ரே காலோ ரலியை. பாடி ஹொப்கேர்க் ஓட்டிய 1071 சி.சி. மினி கூப்பர் எஸ், நாலரை லீற்றருக்கு மேற்பட்ட வி8 எஞ்சின் கொண்ட ஃபோர்ட் ஃபால்கனை இரண்டாமிடத்துக்குத் தள்ளியது. அவர்கள் சொல்லாமல் விடுவது, அந்தப் போட்டியில் எஞ்சின் அளவுக்கேற்பச் சிறிய கார்களுக்குச் சலுகைக் கணக்கு இருந்தது என்பதை. சிறப்புக் கட்டங்களில் மணிக்கூட்டின்படி வேகமாக ஓடியது ஃபால்கன்தான்.

தமிழ்நாட்டில் இந்த வாதத்தை நடைமுறையில் தீர்த்துவைத்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன். சென்னைக்கு அருகே, இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையான சோழவரத்தில் நடந்த பந்தயங்களில் 1980களில் பெரிய எஞ்சின்களே கண்ணைப் பறித்தன. தொழிலதிபர் விஜய் மல்லையா அங்கே ஒரு என்சைன் பார்முலா 1 காரையே கொண்டுவந்து ஓட்டினார். அப்படிக் கார் வாங்க வசதியுள்ளோர் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. கரிவரதன் 1980களின் இறுதியில், மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினைப் பின்னால் பூட்டி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். அது 'பார்முலா மாருதி' எனப் பெயர் பெற்றது. சந்தைக்குப் போகும் காரின் எஞ்சின், எந்த ஊரிலும் கிடைக்கும் உதிரிப்பாகம். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது இந்த வகைக் காரில்தான். 2005இல் அவர் ஜோர்டான் அணிக்காக மூன்று லீற்றர் வி10 எஞ்சினோடு பார்முலா 1இல் நுழைந்தார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை; 1995இல் சிறுவிமான விபத்தில் இறந்துவிட்டார்.

வரி வளர்த்த ரசனை

இலங்கையில் கார் உற்பத்திக்கென்று பெரிய தொழில் இல்லை. வருவதெல்லாம் கப்பலில் வருவது. இறக்குமதி வரி எஞ்சின் அளவுக்கேற்பப் படிப்படியாக ஏறும்: 1000 சி.சி., 1300, 1500, 1600 என்று ஒவ்வொரு படியிலும் ஒரு சி.சி.க்கான விகிதமே கூடிவிடும். ஆகவே 1000ஐத் தாண்டும் முதல் சி.சி.தான் உலகிலேயே விலைகூடிய சி.சி.

இதன் விளைவு தெருவில் தெரியும். ஐரோப்பாவில் 2017இல் வந்த ஹொண்டா சிவிக்கின் 988 சி.சி. மூன்று சிலிண்டர் டர்போ வகையை, பிரித்தானியாவில் சிக்கனம் தேடியோர் வாங்கினர். இங்கே அதுவே கம்பீரமான காராகக் கொண்டாடப்பட்டது. சைலன்சரும் சக்கரமும் மாற்றி ஓட்டும் இளைஞர் கையில் போனது. ஒரு லீற்றர் டர்போ சுசுகி சுவிஃப்ற் ஆர்.எஸ்.ஸுக்கும் அதே கதை. 658 சி.சி. ஹொண்டா எஸ்660 போன்ற ஜப்பானின் பொம்மை ஸ்போர்ட்ஸ் கார்களும் வந்தன. அவை ஜப்பானிய 'கெய்' சட்டத்தின் 660 சி.சி. எல்லைக்குள் பிறந்தவை. மறுகோடியில் பி.எம்.டபிள்யூ ஐ8: கதவு இறக்கைபோல் திறக்கும், மின்மோட்டரும் சேர்ந்து 362 குதிரைவலு, எஞ்சின் மட்டும் 1499 சி.சி. மூன்று சிலிண்டர். இலங்கைச் சுங்கத்துக்கென்றே செய்ததோ எனும்படி அளந்த உடம்பு.

இதில் இலங்கை தனித்து நிற்கவில்லை. இத்தாலியில் இரண்டு லீற்றருக்கு மேற்பட்ட கார்களுக்கு 38 சதவீத விற்பனை வரி இருந்தபோது, ஃபெராரியே தலைகுனிந்து, 1980இல் 1990 சி.சி. வி8 எஞ்சினுடன் '208 ஜி.டி.பி.' என்ற காரைச் செய்தது. வலு 155தான், வாங்கியோர் முணுமுணுத்ததும் 1982இல் டர்போ பூட்டி 220 ஆக்கினார்கள்.

பெரிய எஞ்சின் கட்சி

வரி, பெற்றோல் என்று சொல்லிப் பெரிய எஞ்சின் பிரியரை மடக்கிவிட முடியாது. அவர்கள் கேட்பது வேறு. டர்போ இல்லாத ஆறு, எட்டு சிலிண்டர் எஞ்சின் காலை மிதித்த கணத்திலேயே பதில் சொல்லும். சின்ன டர்போ ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பாயும். சத்தத்தின் ஒழுங்கும் வேறு: மூன்று சிலிண்டர் தடதடக்கும், ஆறு சிலிண்டர் பாடும். போர்ஷே 2016இல் தன் 718 கார்களுக்கு ஆறு சிலிண்டரை விலக்கி இரண்டு லீற்றர், இரண்டரை லீற்றர் நான்கு சிலிண்டர் டர்போவைக் கொடுத்தது. வலு கூடியது, பிரியர் மனம் ஆறவில்லை. 2019இல் நாலு லீற்றர் ஆறு சிலிண்டர் திரும்பி வந்தது. மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. 2022இல் சி63இன் நாலு லீற்றர் வி8ஐ எடுத்து, இரண்டு லீற்றர் எஞ்சினும் மின்மோட்டரும் வைத்து 680 குதிரைவலு தந்தபோதும் இதே கோபம். கூடவே காரின் எடை இரண்டு தொன்னைத் தாண்டியது. சிறிய எஞ்சினின் ஒரே தார்மீக நியாயமான எடைக்குறைவும் அங்கே போய்விட்டது என்பது அவர்கள் வாதம். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கமே நியாயம் கூட.

எடை குறைந்த காரில் சிறிய எஞ்சின் என்றால் கதை மாறும். மஸ்டா எம்.எக்ஸ்-5இன் 2015 வகை ஒன்றரை லீற்றரிலும் இரண்டு லீற்றரிலும் வந்தது. ஜப்பானில் துணிக்கூரை வகைக்கு ஒன்றரை லீற்றரே தரப்பட்டது. ஒரு தொன்னுக்குட்பட்ட அந்தக் கார் 7,500 சுழற்சிவரை முறுக்கி ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. இரண்டையும் ஓட்டியோரில் சின்னதைத் தேர்ந்தவர் பலர்.

2022க்குப் பிறகு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் தட்டுப்பாட்டால் பெற்றோல் நிலையங்களில் நாள்கணக்கில் வரிசை. அவ்வாண்டு ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டது. ஜூலையில் வந்த கியூ.ஆர். அட்டை காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்றது. கார் 660 சி.சி.யா மூவாயிரமா என்று அந்த அட்டை கேட்கவில்லை. வாகன்-ஆர் போன்ற சிறு கார் வைத்திருந்தவர் வாரம் முழுதும் ஓடி மிச்சமும் பிடித்தார். மூன்று லீற்றர் கார்க்காரர் செவ்வாய்க்கிழமையே நிறுத்தினார். தெற்கு முதன்முறையாகப் பட்ட இந்தப் பாட்டை, மண்ணெண்ணெய்க் காலம் கண்ட யாழ்ப்பாணத்தார் பெரிய பதற்றமின்றி எதிர்கொண்டனர்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தபோது ஒரு லீற்றருக்குட்பட்ட டர்போ கார்களுக்கே, குறிப்பாக ரொயோட்டா ரைஸ் போன்றவற்றுக்கே, முதல் வரவேற்பு. கூடவே மின்சாரக் கார்களும் வந்திறங்கின. அவற்றுக்கு சி.சி. இல்லாததால் வரி மோட்டரின் கிலோவாட் கணக்கில் அறவிடப்படுகிறது. அதே ஆண்டில் இறக்குமதியான சில கார்களின் மோட்டர் 100 கிலோவாட்டா 150 கிலோவாட்டா என்று சுங்கத்துக்கும் இறக்குமதியாளருக்கும் இடையே எழுந்த பிணக்கு நீதிமன்றம்வரை போனது.